மூன்றில் ஒரு பங்கு

பங்குனியில் கொன்னையூர் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல் வந்துவிட்டால் பொன்னமராவதி வட்டாரம் தூங்குவதில்லை. பூத்தட்டு, மேளம், வேட்டு, கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி என்று ஒன்றை ஒன்று முந்தும் சத்தம். காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில், மேளக்காரர்கள் நிற்கும் பக்கம் கொஞ்சம் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு தவில்களில் ஒன்று வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு தவில்காரர் தோலின் மேல் கையை வைத்தபடி சும்மா நிற்பார். சும்மா என்று நாம்தான் நினைக்கிறோம். அவருடைய தலை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை உள்ளே ஓடுகிறது. தன் முறை வரும் இடம் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு தட்டு தட்டிவிட்டால் அத்தனையும் கெட்டுப்போகும் என்பதும் தெரியும்.

இந்த வாரம் பேசப்போவது அந்தச் சும்மா இருக்கும் கையைப் பற்றி. அதற்கு நியூயார்க் வரை போக வேண்டியிருக்கிறது. போகிற வழியில் புதுக்கோட்டையில் ஒரு நிறுத்தம்.

புதுக்கோட்டை இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். கிராமத்துக் கூத்திலும் பஜனையிலும் தட்டிக்கொண்டிருந்த வகையைச் சேர்ந்த ஒரு சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குத் தகுந்த கஞ்சிராவாக்கி, அதற்கு மரியாதை வாங்கித் தந்தவர் இந்த ஊர் மான்பூண்டியா பிள்ளை. உடும்புத் தோல் போர்த்திய ஒரு சின்ன வளையம். ஒரே ஒரு கையால் வாசிப்பது. அதை வைத்துக்கொண்டு பெரிய மிருதங்கக்காரர்களுக்கு நிகராக உட்கார முடியும் என்று காட்டினார். அவருடைய சிஷ்யர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. அதே வழியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கைப் பழக்கம் உள்ளவர். அவருடைய வாசிப்பைப் பற்றிப் பேசும்போது விஷயம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது கணக்கை அல்ல, அவர் விட்ட இடைவெளியை. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரும் நிரப்புவார்கள், இவர் நிரப்பமாட்டார். அடுத்த சொல் விழும்போது மேடையே ஒரு சுற்று பெரிதானதுபோல் இருக்கும் என்பார்கள்.

பழனியாரின் சிஷ்யர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய் டொரான்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். புதுக்கோட்டைக் கணக்கு அப்படித்தான் அட்லாண்டிக் தாண்டியது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் நாம் காபி குடிக்க எழுந்து போனோம். அங்கே சிலர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதே 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். பெயர் விஜய். மூன்று வயதில் வயலின் வகுப்பில் சேர்த்தார்கள். பதினைந்து வருடம் மேற்கத்திய வயலின் முறையாகப் படித்தான். பியானோவுக்கு மட்டும் வகுப்பே கிடையாது. வீட்டில் பியானோ இருந்தது, அக்கா கற்றுக்கொண்டாள், தம்பி காதால் கேட்டுக் கேட்டுத் தட்டினான். முறையாகப் படித்த வாத்தியம் பின்னால் போய்விட்டது. தானாகத் தட்டிய வாத்தியம்தான் உலகம் சுற்ற வைத்தது. பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று ஜூன் மாதம் தவிக்கும் பெற்றோர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ!

அந்தப் பையன்தான் இன்றைக்கு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க பெர்க்லி போனவர், நடுவில் தடம் மாறினார். நம் வீட்டுப் பையன் ஒருவன் அமெரிக்காவில் இயற்பியல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, "அம்மா, நான் ராத்திரி கிளப்பில் பியானோ வாசிக்கப்போறேன்" என்று போனில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே கற்பனை செய்துகொள்ளலாம். கடைசியில் 1998-ல் முனைவர் பட்டத்தையும் வாங்கினார், இசை மனித உடலோடும் மூளையோடும் எப்படிச் சேர்ந்து இயங்குகிறது என்பதைப் பற்றி.

அவருடைய மூவர் குழுவைப் பற்றிச் சொல்வதற்கு முன், ஜாஸ் மூவர் குழு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பியானோ ஒன்று. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய வயலின் மாதிரியான டபுள் பேஸ் ஒன்று, பெரும்பாலும் வில்லில்லாமல் விரலால் சுண்டி வாசிப்பது. மூன்றாவது டிரம்ஸ். பேஸ் என்றவுடன் குழப்பம் வேண்டாம். இளையராஜா பாட்டுகளில் அடியில் ஒரு கனத்த நரம்பு தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகுமே, அந்த வேலைதான். முதலில் ஒரு மெட்டு. பிறகு அந்த மெட்டின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, எழுதிவைக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவது. கடைசியில் மெட்டுக்குத் திரும்புவது. நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

பெயர் பியானோக்காரருடையதாக இருக்கும். சுவரொட்டியில் அவர் படம் இருக்கும். அதனால் பியானோ பேசும், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள் என்று நினைப்போம். பல குழுக்களில் அப்படித்தான். ஆனால் இந்தக் கலையில் நின்றுபோன பெயர்களைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அகமது ஜமால் 1958-ல் சிகாகோவில் ஒரு ஓட்டல் கூடத்தில் வாசித்த நிகழ்ச்சியின் இசைத்தட்டு, நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் நின்றது. அதில் உள்ள 'பாயின்சியானா'வைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பியானோ பாதி நேரம் ஒதுங்கியே இருக்கிறது. இரண்டு சொட்டு விடுகிறார், நிறுத்துகிறார். டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுபடி மூன்று சொட்டு. மைல்ஸ் டேவிஸ் மாதிரிப் பெரிய தலை ஒன்று, இவரிடமிருந்துதான் இடைவெளி விடக் கற்றேன் என்ற அளவுக்குக் கொண்டாடியது.

பில் எவன்ஸ் இன்னும் ஒரு படி போனார். அவருடைய குழுவில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். தட்டு, கண்ணாடி டம்ளர் சத்தம்கூட அதில் கேட்கிறது. பேஸ் அங்கே பியானோவுக்குப் பின்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடக்கிறது, சில சமயம் முன்னால் ஓடுகிறது. பில் எவன்ஸ் விட்டுக்கொடுக்கிறார். பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். எவன்ஸ் பல மாதம் மேடைப் பக்கம் வரவில்லை.

இந்த வரிசையில்தான் விஜய் ஐயர் வந்து உட்கார்கிறார். பேஸில் ஸ்டீபன் கிரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர். கில்மோர் பெரிய இடத்துப் பேரன், தாத்தா ராய் ஹெய்ன்ஸ் ஜாஸ் டிரம்ஸின் பிதாமகர்களில் ஒருவர். ஐயரோடு சேர்ந்து வாசிக்க வந்தபோது பேரனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. மூவராக இவர்கள் 2009-ல் வெளியிட்ட 'ஹிஸ்டாரிசிட்டி' கிராமி பரிந்துரை வரை போனது. 2012-ல் 'ஆக்செலராண்டோ' வந்த வருடம், 'டவுன்பீட்' பத்திரிகையின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஐந்து பிரிவுகளில் முதலிடம். அதில் ஒன்று சிறந்த குழு. தனி மனிதருக்குக் கிடைத்த பாராட்டுகளைவிட அந்த ஒன்றுதான் முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

'ஹிஸ்டாரிசிட்டி'யில் ஒரு பாட்டு நமக்கு நெருக்கமானது. 'கலாங்'. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போருக்குத் தப்பி லண்டன் போன மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடிய பாட்டு. அதிர அதிர அடிக்கும் மின்னணு இசை. ஆல்பனியில் பிறந்த ஒரு தமிழர், லண்டனில் வளர்ந்த ஒரு தமிழச்சியின் பாட்டை எடுத்துக்கொண்டு, மின்சாரமே இல்லாத மூன்று வாத்தியங்களில் வாசிக்கிறார். மூன்று நிமிடம்கூட ஓடாது. தமிழில் ஒரு சொல் கிடையாது. ராகம், கமகம் என்று அடையாள அட்டை எதையும் நீட்டவில்லை. இருவருக்கும் நடுவில் உள்ள கடலை யாரும் விளக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

அதே தட்டில் 'மிஸ்டிக் புரூ' என்று ஒன்று. 1972-ல் ரானி ஃபாஸ்டர் வாசித்தது. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மூன்று மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று குறில், குறில்–நெடில், நெடில்–குறில். ஆக மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு ஐந்து விதம். ஐந்துக்கு எட்டு. ஆறுக்குப் பதின்மூன்று. ஒவ்வொன்றும் முந்தைய இரண்டின் கூட்டல். பாட்டிலக்கணம் எழுதிய விரகாங்கர், ஹேமசந்திரர் போன்றவர்கள் வடமொழிச் செய்யுளுக்காக இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். இத்தாலியரான ஃபிபனாச்சி 1202-ல் எழுதியதால் உலகத்துக்கு அவர் பெயரில் தெரிகிறது. இந்த எண்களின் விகிதங்களைத் தன் குழு எப்படித் தாளத்துக்குள் வைத்து வாசித்தது என்று விஜய் ஐயர் 2009-ல் 'கார்டியன்' பத்திரிகையில் விளக்கியிருக்கிறார்.

ஆனால் கேட்கும்போது எண் எதுவும் காதில் விழாது. ஒரு சின்ன தள்ளாட்டம் இருக்கும், அவ்வளவுதான். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒருவர் சொல்லாமல் லேசாகத் தள்ளிவிட்டது போல. நம் ஊர் லயக்காரர்களில் சிலர் கோர்வையை முடித்துவிட்டு, "பார்த்தீர்களா கணக்கை?" என்பதுபோல சபையைப் பார்ப்பார்கள். கைதட்டலும் விழும். இங்கே அந்தப் பார்வை கிடையாது.

ஆனாலும் இவர் மேல் விழுந்த முத்திரை என்னவோ கணக்குதான். இந்தியப் பெயர், கணிதப் படிப்பு, போதாதா? மூளையால் வாசிக்கிறார், மனசால் இல்லை என்ற பேச்சு பல வருடம் துரத்தியது. 2013-ல் மெக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தபோது, தகுதிக்கு மீறிப் புகழ்கிறார்கள் என்று சக கலைஞர் ஒருவர் பொதுவெளியில் எழுத, பெரிய சர்ச்சையே ஆனது. அடக்கி வாசிப்பதில் உள்ள ஆபத்து இது. உரக்க வாசிப்பவனைப் பார்த்து யாரும் உனக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பதில்லை. விட்டுக்கொடுத்து வாசிப்பவன் ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அவர் பதிலாக உரக்க வாசிக்கத் தொடங்கவில்லை. 2015-ல் 'பிரேக் ஸ்டஃப்' வந்தது. பெயரிலேயே இடைவெளி. இசை நிற்கும் இடமும் இசைதான், அங்கேயும் ஏதோ நடக்கலாம் என்பது அவர் நினைப்பு. அதில் 'ஹுட்' என்ற உருப்படி டெட்ராய்டின் டெக்னோ கலைஞர் ராபர்ட் ஹுட்டுக்குச் செய்த மரியாதை. பியானோவில் ஒரு சின்னத் துணுக்கு. திரும்பத் திரும்ப அதே. புதிதாக வந்து கேட்பவர், "இதற்கா இத்தனை படிப்பு?" என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை. கொஞ்சம் பொறுத்தால் விஷயம் பிடிபடும். மாறுவது பியானோ அல்ல, அதைச் சுற்றியுள்ள டிரம்ஸும் பேஸும். தலைவர் கோலத்தின் புள்ளியாக நின்றுகொண்டு, கோட்டை மற்ற இருவரையும் இழுக்க விடுகிறார். அந்தத் தட்டிலேயே 'பிளட் கவுன்ட்' என்று ஒன்று உண்டு. எலிங்டனின் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்ன், 1967-ல் சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் இருந்தபடி முடித்துக் கொடுத்த மெட்டு. அங்கே மட்டும் மற்ற இருவரும் இல்லை. தனியாக, மெதுவாக வாசிக்கிறார். மனசு எங்கே என்று கேட்டவர்கள் இதைக் கேட்டார்களா தெரியவில்லை.

இடையில் வேறு ஒரு மூவர் குழுவும் இருந்தது. ராணிப்பேட்டையில் வளர்ந்து, கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கும் பிரசன்னா, தபலாவில் நிதின் மித்தா, பியானோவில் இவர். 2011-ல் 'தீர்த்தா' என்ற பெயரில் தட்டு வந்தது. ஃபியூஷன் என்றாலே சாம்பாரில் பாஸ்தா போட்ட மாதிரி இருக்கும் என்று பயப்படுகிறவர்கள் இதைத் தைரியமாகக் கேட்கலாம்.

பிறகு பியானோ–பேஸ்–டிரம்ஸ் குழுவில் ஆள் மாறியது. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லிண்டா மே ஹான் ஓ பேஸுக்கு வந்தார். டிரம்ஸில் டைஷான் சோரி. சோரி சாதாரண ஆள் இல்லை, தானே பெரிய இசையமைப்பாளர். 2024-ல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கினார். தலைவர் இன்னும் வாங்காத பரிசைக் குழுவில் மேளம் வாசிப்பவர் வாங்கியிருக்கிறார்! நம் சபாக்களில் பக்கவாத்தியக்காரருக்குப் பாடகரைவிடப் பெரிய பட்டம் கிடைத்தால் அடுத்த சீசனில் அந்த ஜோடி சேர்ந்து உட்காருமா என்பது சந்தேகம்தான்.

இந்த மூவரின் முதல் தட்டு 2021-ல் வந்த 'அனீசி'. நிம்மதியற்ற என்று பொருள் சொல்லலாம். முதல் உருப்படியின் பெயர், ஃபிளின்ட் நகரத்துக் குழந்தைகள். மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட்டில் 2014-ல் செலவைக் குறைக்க நகரத்தின் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீரைச் சரியாகப் பக்குவம் செய்யாததால் பழைய குழாய்களின் ஈயம் அதில் கரைந்தது. ஏழைகளும் கறுப்பின மக்களும் நிறைந்த ஊர். தண்ணீர் நிறம் மாறுகிறது, நாறுகிறது என்று தாய்மார்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். ஒன்றுமில்லை, குடிக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு கோபத்துக்கு இடமுள்ள விஷயத்துக்கு விஜய் ஐயர் என்ன வாசித்திருப்பார்? கட்டையை ஓங்கி அடித்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். மாறாக, பியானோ தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கிறது. தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று அடுத்த அறையில் பேசுவது போல. லிண்டாவின் பேஸ் ஒவ்வொரு சுரத்தையும் யோசித்து வைக்கிறது. சோரி பெரும்பாலும் தாளத்தட்டின் மேல் விரவிவிட்டுப் போகிறார். கனம் ஏறுகிறது, ஆனால் யாரும் கத்தவில்லை. அடுத்த உருப்படியான 'காம்பாட் பிரீதிங்', 2014-ல் கறுப்பின மக்கள் போலீஸ் வன்முறையை எதிர்த்துத் தெருவுக்கு வந்த நேரத்தில், புரூக்ளின் மேடை ஒன்றுக்காக உருவாக்கியது. அதில் வேகம் உண்டு. வரிசையில் இதை இரண்டாவதாக வைத்தது யோசித்துச் செய்ததாகத்தான் படுகிறது.

அதே தட்டில் 'டிரம்மர்ஸ் சாங்' என்று ஒன்று இருக்கிறது, டிரம்ஸ்காரரின் பாட்டு. எழுதியவர் பியானோக்காரரான ஜெரி ஆலன் என்ற பெண்மணி, 2017-ல் காலமானவர். பியானோக்காரர் டிரம்ஸ்காரருக்காக எழுதிய பாட்டை, இன்னொரு பியானோக்காரர் எடுத்து, தன் டிரம்ஸ்காரரை நடுவில் வைத்து வாசிக்கிறார். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்து, டிரைவர் தன் பாட்டுப் பெட்டியைப் போடாமல் இருந்தால், 'அனீசி'யின் முதல் நான்கைந்து உருப்படிகளைக் கேட்டுவிடலாம். ஒரே ஒரு யோசனை. முதல் முறை பியானோவை விட்டுவிடுங்கள். பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை டிரம்ஸ். மூன்றாம் முறை பியானோவுக்கு வாருங்கள், அதுவும் அவர் கையை எடுத்துவிடும் இடங்களுக்கு.